பச்சையப்பன் தலையாட்டிய நாள்

எந்தப் புடவையைக் கண்டாலும் பச்சையப்பனின் கை அதன் உள்பக்கத்தைத் தேடும். கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போதோ கோயில் வரிசையில் நிற்கும்போதோ, பக்கத்தில் யாருடைய முந்தானையாவது தொங்கினால் போதும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அதன் ஓரத்தை எடுத்து மெல்லப் புரட்டும். கரையும் புடவையின் உடலும் சேருமிடத்தை ஒரு கணம் பார்ப்பார். குழம்புக்கு உப்பு பார்ப்பவரைப் போல உதட்டைக் குவிப்பார். பிறகு விட்டுவிடுவார். இதற்கிடையில் ஏதாவது பேசிக்கொண்டிருந்தால் அந்தப் பேச்சும் நிற்காது. அவருடைய மனைவி ரேணுகாம்பாள் கல்யாணமான நாளிலிருந்து இதைப் பார்த்து வருகிறாள்.

"தாலி கட்ன அன்னிக்கே எம் முந்தானையப் பொரட்டிப் பார்த்தவருதான் இவரு. மூஞ்சிய அப்பறமாத்தான் பார்த்தாரு" என்பாள். கேட்பவர்கள் சிரிப்பார்கள். பச்சையப்பனும் சிரிப்பார்.

அவர்கள் தெருவில் அது தப்பில்லை. ஆரணியின் அந்தப் பகுதியில் வீட்டுக்கு வீடு தறி. புதுப் பட்டு கட்டிய பெண் வாசலைத் தாண்டுவதற்கு முன், எதிரில் நிற்கும் நெசவுக்காரரிடம் தானே முந்தானையை நீட்டுவாள். "மாமா, ஒரு பார்வை பாருங்க" என்பாள். அவர் புரட்டிப் பார்த்து, "நல்லா வந்துகிதும்மா" என்று சொன்னால் அது ஆசீர்வாதம். கல்யாணப் பெண்கள்கூட நீட்டுவார்கள். ஒருமுறை எதிர்வீட்டுத் தருமனின் மனைவி, "எல்லார் பொடவையும் தொட்டுப் பார்த்தீங்க, எம் பொடவைய மட்டும் உட்டுட்டீங்களே, அவ்ளோ மட்டமாவா இருக்குது?" என்று பச்சையப்பனிடம் சண்டைக்கே வந்துவிட்டாள். தொடாமல் விட்டால்தான் அங்கே குற்றம்.

ஏன் உள்பக்கத்தைப் பார்க்கிறீர்கள் என்று மகள் லாவண்யா சின்ன வயதில் கேட்டிருக்கிறாள். "மேல்பக்கம் எல்லாப் பொடவையும் சிரிச்சிகினுதான் இருக்கும். உள்ள பார்த்தாதான் தறியில நெஞ்சவன் எங்க தூங்குனான்னு தெரியும்" என்றார்.

ஐம்பதை நெருங்கும்போது இடுப்பு மக்கர் செய்தது. காலை நீட்டினாலும் வலி, மடக்கினாலும் வலி. வேலூரில் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "குழியில உக்கார்ற வேலை இனிமே வேணாம்" என்றார். தறிக் குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்வதைத் தவிர பச்சையப்பனுக்கு வேறு வேலை தெரியாது. தறி சும்மா கிடக்கவில்லை. ரேணுகாம்பாளின் தம்பி சதீஷ் வந்து உட்கார்ந்தான். கை வேகம். உள்ளறையில் படுத்தபடி பச்சையப்பன் அவன் தறிச் சத்தத்தைக் கேட்பார். முதலில் அதில் நிறையக் குறைகள் கேட்டன. இரண்டு மாதம் போனதும் ஒரு குறையும் கேட்கவில்லை. அதுதான் அவருக்கு அதிகமாக வலித்தது.

அந்த வீட்டில் அப்போது வேலை தேடிக்கொண்டிருந்தது லாவண்யா. பி.காம். முடித்தவள். இரண்டு பக்கத்து வம்சத்திலும் கல்லூரிப் படியை முதலில் மிதித்தவள். தினமும் செல்போனில் எங்கெங்கோ விண்ணப்பம் போடுவாள். பதில் வராது. அப்படித் தேடும்போது அவள் கண்ணில்தான் அந்த விளம்பரம் பட்டது. பஜாரில் இருக்கும் பெரிய பட்டுக்கடையின் மாடிக்கு ஆள் வேண்டும், பட்டு பற்றித் தெரிந்தவராக இருந்தால் நல்லது.

"படிச்சவ நீதானம்மா, நீயே போடு" என்றார் பச்சையப்பன்.

"இது உங்க வேலைப்பா" என்றாள் அவள்.

அவருக்குக் கிடைத்துவிட்டது. மகளுக்கு முன்னால் தனக்கு வேலை கிடைத்தது அவருக்கு ஒரு மாதிரி கூச்சமாக இருந்தது. அவள் "சூப்பர்ப்பா" என்று சொல்லிவிட்டு, பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள்.

கடையில் மெரூன் நிறச் சட்டை கொடுத்தார்கள். நெஞ்சில் பெயர் எழுதிய பட்டை. காலையில் அந்தச் சட்டையைத் துணிப்பையில் வைத்து எடுத்துக்கொண்டு போவார். கடைக் கழிவறையில் மாற்றிக்கொள்வார்.

"இங்கிருந்தே போட்டுக்கினு போனா இன்னாங்க?" என்று ரேணுகாம்பாள் கேட்டாள்.

"அங்க வந்துதான் போட்டுக்கணும்னு ரூல்சு."

அப்படி ஒரு ரூல்ஸ் கிடையாது என்பது ரேணுகாம்பாளுக்குத் தெரியும்.

மாடிப்படி ஏறி வருபவர்களுக்குக் கைகூப்பி, "வெல்கம், வாங்க" என்று சொல்ல வேண்டும். உட்கார வைக்க வேண்டும். தண்ணீரோ கூல்டிரிங்ஸோ கொடுக்க வேண்டும். விரித்துப் போட்ட புடவைகளை மடித்து அடுக்க வேண்டும். மடிப்பது சுலபம். நிற்பதுதான் கஷ்டம். உட்கார்ந்தே உழைத்த கால்கள் சாயங்காலத்துக்குள் வீங்கிவிடும். நின்ற இடத்தில் பாதங்கள் தாமாகவே மாறி மாறி அழுந்தும், தறியின் மிதிக்கட்டையை மிதிப்பதுபோல.

அதை முதலில் கவனித்தவள் கீதா. கண்ணமங்கலத்திலிருந்து தினம் பஸ்ஸில் வரும் பெண். கல்யாணப் புடவை பெஞ்சில் அவள்தான் ராணி. பன்னிரண்டாவதோடு படிப்பை நிறுத்தியவள், ஆனால் யார் எவ்வளவு விலைக்கு வாங்குவார்கள் என்று அவர்கள் செருப்பை விடும்போதே சொல்லிவிடுவாள்.

"அண்ணா, கால் தறி ஓட்டுது பாருங்க. எந்தப் பொடவை நெய்றீங்க?"

"அரக்கு, பச்சைக் கரை" என்றார் பச்சையப்பன். அந்தக் கடைக்கு வந்தபிறகு அவர் சிரித்தது அப்போதுதான்.

"அப்படியே சிரிச்ச மூஞ்சியா நில்லுங்க. நீங்க கோயில் தூணு மாதிரி நின்னா வர்றவங்க தேங்காய் ஒடைச்சிட்டுப் போயிடுவாங்க."

தெருவுக்குத் தெரியாமல் எவ்வளவு நாள் மறைக்க முடியும்? ஒருநாள் எதிர்வீட்டுத் தருமனே தன் சம்பந்தி வீட்டாரைக் கூட்டிக்கொண்டு படியேறி வந்தார். பச்சையப்பனின் கைகள் கூப்பிவிட்டன, வாய் "வெல்கம், வாங்க" என்று சொல்லிவிட்டது.

"மாமா! நீயா? நான் யாரோ வாட்ச்மேன்னு நெனைச்சுட்டேன்!" என்று தருமன் முதுகில் தட்டிச் சிரித்தார். அவர் மனதில் கெட்டது ஒன்றுமில்லை. அன்று சாயங்காலம் தெருவில் நுழைந்தபோது பிள்ளைகள் வரிசையாக நின்று, "வெல்கம் சார், வெல்கம் சார்" என்றார்கள்.

எதற்காகக் கூசுகிறோம் என்று பச்சையப்பன் தன்னையே கேட்டுப் பார்த்தார். திருடவில்லை, பொய் சொல்லிப் பிழைக்கவில்லை. நெய்த காலத்திலும் புடவை வாங்கும் யாரும் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. ஆனால் அப்போது அவர் அவர்கள் எதிரில் இருந்ததில்லை. இப்போது ஒரு கை தூரத்தில் நிற்கிறார். இருந்தும் அவரைத் தாண்டித்தான் பார்க்கிறார்கள். அதுதானா? இல்லை, வயதானபின் ஒரு வேலையை அ, ஆ என்று ஆரம்பிப்பதா? அவருக்குப் பிடிபடவில்லை.

"புது வேலைல முதல் மாசம் எல்லாருக்குமே இப்படித்தான் இருக்கும்பா. காலேஜ்ல ஒரு மேடம் வந்து கிளாஸே எடுத்தாங்க" என்றாள் லாவண்யா.

"எல்லாருக்கும்னா, என் வயசு ஆளுக்குமா?"

லாவண்யா யோசித்தாள். "அதை அவங்க சொல்லலப்பா."

ஆவணி முகூர்த்தங்கள் நெருங்கின. மாடியில் கால் வைக்க இடமில்லை. சேத்துப்பட்டுப் பக்கமிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. கல்யாணப் பெண், அவள் அம்மா, தாய்மாமன். காலையில் வந்தவர்கள். கீதாவின் பெஞ்சுக்கு எதிரில் உட்கார்ந்து மலைபோலப் புடவைகளை இறக்க வைத்து, கடைசியில் இரண்டில் ஒன்று என்ற இடத்துக்கு வந்திருந்தார்கள். பெண்ணின் அம்மா கட்டியிருந்தது பழைய பட்டு, கத்தரிப்பூ நிறம். அதன் முந்தானை நாற்காலியின் முதுகில் வழிந்து தொங்கியது.

பச்சையப்பன் வலது கையில் கூல்டிரிங்ஸ் தட்டுடன் அவர்களுக்குப் பின்னால் வந்து நின்றார். குனிந்தார். இடது கை காலியாக இருந்தது.

"ஐயய்யோ! யாருய்யா அது? எதுக்குய்யா முந்தானையப் புடிக்கிற?"

அந்த அம்மாள் எழுந்து நின்றுவிட்டாள். பச்சையப்பனின் இரண்டு விரல்களுக்கு நடுவில் அந்த ஓரம் இன்னும் இருந்தது. புரட்டியும் இருந்தார். விட்டுவிட வேண்டும் என்று தெரிகிறது, விரல் கேட்கவில்லை. அந்த அம்மாளே வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். தாய்மாமன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"இன்னாடா வயசு உனக்கு? பொம்பளைங்க முந்தானையப் புடிக்கத்தான் கடையில வேலைக்கு வந்தியா?"

பக்கத்து பெஞ்சில் யாரோ செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள். அந்தச் சின்னக் கண்ணாடிக் கண் தன்னைப் பார்ப்பதைப் பச்சையப்பன் பார்த்தார். லாவண்யா தினமும் விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும் அந்தப் போனில் தன் முகமும் வரப்போகிறது. அதற்குமேல் எதையும் நினைக்க முடியவில்லை.

"அண்ணா மேல தப்பு இல்லைங்க, மேடம்" என்றது ஒரு குரல். கீதா பெஞ்சைவிட்டு இறங்கி வந்து நடுவில் நின்றாள். "நான்தான் பார்க்கச் சொன்னேன். நீங்க கட்டியிருக்கிற மாதிரியே கரை வேணும்னு கேட்டீங்கள்ல? அது இன்னா கரைன்னு பின்னால நின்னு பார்த்துச் சொல்லுங்கண்ணான்னு நான்தான் கண் காட்டுனேன். அவரு நெசவுக்காரரு. கரைதான் பார்த்தாரு."

அப்படி யாரும் கேட்கவில்லை. கீதா கண் காட்டவும் இல்லை.

அதற்குள் மாடி மேனேஜர் ரஞ்சித்குமார் ஓடி வந்தார். முப்பதைத் தாண்டிய ஆள். கூட்டம் கூடினால் முதலில் செல்போன்களைத்தான் பார்ப்பார். போன் வைத்திருந்தவரிடம் கைகூப்பி அதை இறக்க வைத்தார். பிறகு பச்சையப்பன் பக்கம் திரும்பினார்.

"கீதா சொல்லித்தான் தொட்டீங்களா?"

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். வேலைக்கு வந்த நாளிலிருந்து அத்தனை பேர் அவர் முகத்தைப் பார்த்தது அப்போதுதான். இல்லை என்ற சொல் வாய் வரைக்கும் வந்ததா என்று பிற்பாடு பலமுறை யோசித்திருக்கிறார். வந்ததாகத்தான் ஒரு ஞாபகம். அது நிஜ ஞாபகமா, தானே நெய்துகொண்டதா என்பது தெரியாது. நிஜமாக நடந்தது ஒன்றுதான். அவர் தலையாட்டினார். ஆமாம் என்று.

பிறகு பழியெல்லாம் கீதாவின் மேல் போனது.

"கஸ்டமர் உடம்புல இருக்கிற துணியைத் தொட்டுப் பாருன்னு ஒரு ஆம்பளைய அனுப்புவியா? அறிவு இருக்கா உனக்கு?" என்றார் ரஞ்சித்குமார்.

"நீயும் ஒரு பொண்ணுதானம்மா?" என்றாள் சேத்துப்பட்டு அம்மாள்.

கீதா கைகூப்பி மன்னிப்புக் கேட்டாள். போதாது என்பதுபோல மேனேஜர் பார்த்தார். கல்யாணப் பெண்ணிடம் தனியாக ஒருமுறை கேட்டாள். தாய்மாமனிடம் ஒருமுறை கேட்டாள். இரண்டில் ஒன்று என்று எடுத்து வைத்த புடவைகள் பெஞ்சிலேயே கிடக்க, அவர்கள் படியிறங்கினார்கள். போகும்போது தாய்மாமன் பச்சையப்பன் தோளில் கை வைத்து, "பெரியவரே, சின்னப் புள்ளைங்க எதைச் சொன்னாலும் செஞ்சிடறதா? கொஞ்சம் யோசிக்க வாணாமா?" என்றார். குரலில் கோபமில்லை. மன்னித்துவிட்டார்.

சாயங்காலம் கண்ணமங்கலம் பஸ்ஸுக்காக நின்ற கீதாவைத் தேடிப் போனார்.

"எதுக்கும்மா அப்படிச் சொன்ன?"

"வேற இன்னாண்ணா சொல்றது? உங்க தெருவுல எல்லாரும் தொட்டுப் பார்ப்பீங்க, அது வழக்கம்னு நான் சொன்னா அந்த ஆளு கேட்டுகினு சும்மா நிப்பாரா? அடிச்சிருப்பாரு. அது போன்ல வேற வந்திருக்கும்." அவள் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். கண்கள் சிவந்திருந்தன, குரல் எப்போதும்போலத்தான் இருந்தது. "எனக்கு ஒரு திட்டோட போச்சு. உங்களுக்கு அப்படிப் போயிருக்காது."

"நாளைக்கு சார் கிட்ட நான் சொல்லிடறேன்மா. நீ சொல்லல, என் கைப் பழக்கம்னு சொல்லிடறேன்."

வேண்டாம் அண்ணா, விடுங்க என்று அவள் சொல்வாள் என எதிர்பார்த்தார். அப்படி எதிர்பார்த்தது, அவள் பதில் சொன்னபிறகுதான் அவருக்கே தெரிந்தது.

"சொல்லுங்கண்ணா" என்றாள் கீதா. பஸ் வந்தது. ஏறிக்கொண்டாள்.

மறுநாள் காலை ரஞ்சித்குமாரின் மேசை முன் போய் நின்றார். இரவெல்லாம் சொல்லிப் பார்த்த வாக்கியம் நாக்கில் தயாராக இருந்தது. மேனேஜர் தலைநிமிராமலே, "உங்க மேல எனக்கு வருத்தம் இல்லை. ஆனா இனிமே ஜாக்கிரதையா இருங்க. போங்க, கூட்டம் வருது" என்றார். "சரிங்க சார்" என்றார் பச்சையப்பன். கூட்டம் குறைந்ததும் சொல்லலாம் என்று நினைத்தார். கூட்டம் குறைந்தபோது மேனேஜர் சாப்பிடப் போயிருந்தார். அடுத்த நாள் முதலாளி வந்திருந்தார். அதற்கடுத்த நாளுக்குக் காரணம் எதுவும் இல்லை.

கீதாவைக் கீழே துண்டும் லுங்கியும் விற்கும் இடத்துக்கு அனுப்பினார்கள். காலையில் பச்சையப்பன் படியேறும்போது அவள் கீழிருந்து பார்ப்பாள். முதல் சில நாட்கள் அந்தப் பார்வையில் ஒரு கேள்வி இருந்தது. பிறகு வெறும் பார்வை. பிறகு அவள் துண்டுகளை அடுக்கிக்கொண்டிருப்பாள். கேள்வியோடு பார்த்த நாட்களே தேவலை என்று அவருக்குத் தோன்றியது. ஒரு மாதம்போல அங்கே நின்றாள். ஒருநாள் வரவில்லை. அப்புறம் வரவே இல்லை.

காலியான பெஞ்சில் பச்சையப்பனை உட்கார வைத்தார்கள்.

அங்கே அவருக்கு வேலை கைவந்துவிட்டது. ஒரு புடவையை விரிக்கும்போது அது எந்தத் தெருத் தறி, எப்படிப்பட்ட கை என்று இரண்டு வார்த்தை சொல்வார். வாங்குபவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். "ஐயாவே நெஞ்சவராம்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். ரஞ்சித்குமாரும் 'ஐயா' என்று கூப்பிட ஆரம்பித்தார். துணிப்பையில் சட்டை எடுத்துப் போவது எப்போது நின்றது என்று தெரியவில்லை. ஒருநாள் பார்த்தால் மெரூன் சட்டையோடுதான் தெருவில் நடந்துகொண்டிருந்தார், நெஞ்சில் பெயரோடு. பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. வேலை பழகிவிட்டது. கூச்சம் போகவில்லை. அது வேலையைவிட்டு நகர்ந்து இன்னும் உள்ளே போய் உட்கார்ந்திருந்தது, யாரிடமும் காட்ட முடியாத இடத்தில்.

"அப்பா, உங்க கடையில பில்லிங்குக்குப் பொண்ணு கேட்டிருக்காங்க. போடட்டுமா?" என்று லாவண்யா சாப்பிடும்போது கேட்டாள்.

"அங்க வேணாம்மா."

"ஏம்பா? லேடீஸை நல்லா நடத்த மாட்டாங்களா?"

"நல்லாத்தான் நடத்துவாங்க."

"பின்ன?"

பச்சையப்பன் ரசத்தைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்துகொண்டே இருந்தார். மகள் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

புரட்டாசியில் வியாபாரம் மந்தம். ஒரு மத்தியானம் ரஞ்சித்குமார் அவர் பெஞ்சில் சாய்ந்து நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். மறுமுனையில் வேலூரில் ஒரு துணிக்கடைக்காரர் என்பது பேச்சிலிருந்து தெரிந்தது.

"கீதாவா? கண்ணமங்கலம் பொண்ணுதானே… ஆமா, இங்கதான் இருந்துச்சு. வேலை தெரியும் சார், இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா ஒரு சம்பவம் ஆச்சு. நம்ம ஆள் ஒருத்தரை ஏவிவிட்டு, கஸ்டமர் முந்தானைய… ஆமா சார். பெரிய பேஜாராயிடுச்சு. பாவம், அவரு அப்பாவி. பொண்ணு சரியில்ல. எடுக்கறதும் விடறதும் உங்க இஷ்டம்."

பச்சையப்பன் ஒரு புடவையை மடித்துக்கொண்டிருந்தார். தொடர்ந்து மடித்தார். ஓரமும் ஓரமும் சரியாகச் சேர்ந்தன. ஒரு நூல்கூடக் கோணவில்லை. தன் கைகளை அப்போது வெறுத்ததுபோல அவர் எதையும் வெறுத்ததில்லை.

அன்றைக்கு வீட்டில் ரேணுகாம்பாளிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் நூல் சுற்றும் இராட்டையை நிறுத்திவிட்டுக் கேட்டாள். முந்தானையைப் பிடித்த இடத்தில் "ஐயோ" என்றாள். தலையாட்டிய இடத்தில் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்தப் பொண்ணு எங்க கிது இப்ப?"

"வூட்லதான் இருக்கும்."

"போய்ப் பார்த்தீங்களா?"

அவர் குனிந்து, தரையில் கிடந்த நூல் துணுக்கைப் பொறுக்கினார்.

"சே" என்றாள் ரேணுகாம்பாள். இத்தனை வருடத்தில் அவரைப் பார்த்து அவள் அந்த ஒற்றை எழுத்தைச் சொன்னதில்லை.

அடுத்த அமாவாசைக்கு, வழக்கம்போலத் தெருவில் தறிகளுக்கு விடுமுறை. பச்சையப்பனும் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, மனைவியோடு கண்ணமங்கலம் பஸ் ஏறினார். ரேணுகாம்பாள் பையில் ஆப்பிளும் பூவும் இருந்தன. கீதாவின் வீடு ஊருக்கு வெளியே, கடலைக் கொல்லையை ஒட்டி இருந்தது. அவள் அம்மா முனியம்மாள் இவர்களைக் கண்டதும் பாயை உதறி விரித்தாள்.

"நீங்கதானா அந்தப் பட்டு அண்ணன்? உங்க கால் தறி ஓட்டும்னு இவ சொல்லிச் சொல்லி சிரிப்பா. வாங்க, வாங்க. மல்லாட்டை வேவ வெச்சிகிறேன், துன்னுங்க."

வெந்த வேர்க்கடலையை முறத்தோடு கொண்டுவந்து நடுவில் வைத்தாள். பஸ்ஸில் போய்வருவது உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அதனால் நின்றுவிட்டேன் என்று வீட்டில் கீதா சொல்லியிருந்தாள். முனியம்மாள் பேச்சிலிருந்து அது விளங்கியது. "அவ்ளோ நல்ல கடைய உட்டுட்டாளே இவ" என்று மகளைத் திட்டினாள். பச்சையப்பனால் கடலையை உரிக்க முடியவில்லை. கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

ரேணுகாம்பாள், முனியம்மாளிடம் கொல்லையைக் காட்டச் சொல்லி எழுந்து போனாள். கீதாவும் அவரும் தனியாக இருந்தார்கள்.

"வேலூர் வேலை…" என்று ஆரம்பித்தார்.

"வரல" என்றாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மேனேஜர் போன்ல பேசும்போது நான் பக்கத்துலதான் இருந்தேன்."

கீதா அவரைப் பார்த்தாள். அவ்வளவு நேரம் முகத்தில் இருந்த விருந்தாளி வந்த சிரிப்பு மெல்லக் கழன்றது. "பக்கத்துலதான் இருந்தீங்களா" என்றாள்.

"மன்னிச்சிடும்மா. அதைக் கேக்கத்தான் வந்தேன்."

"எங்கிட்ட எதுக்குண்ணா?" அவள் ஒரு கடலையை உடைத்து, உள்ளே பார்த்துவிட்டு, சொத்தை என்று எறிந்தாள். "நானுந்தானே அங்க இருந்தேன். இன்னா நடந்துச்சுன்னு எனக்குத் தெரியும். எனக்குத் தெரிஞ்சதையே இவ்ளோ தூரம் பஸ் ஏறி வந்து எங்கிட்ட சொன்னா இன்னா ஆகப்போகுது? தெரியாதவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க."

கோபமாகச் சொல்லவில்லை. அப்புறம் எழுந்து ஒரு பையைத் தேடி எடுத்து, லாவண்யாவுக்கு என்று கடலை அள்ளிப் போட்டாள்.

திரும்பும் பஸ்ஸில் ரேணுகாம்பாள் கேட்டாள். "சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"அதுக்கு இன்னா சொல்லிச்சு?"

"கடையில போய்ச் சொல்லச் சொல்லுது."

ரேணுகாம்பாள் கடலைப் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். "சொன்னா வேலைய உட்டு எடுத்துடுவாங்களா?"

"தெரியல. முந்தானைய நானாத்தான் புடிச்சேன்னு சொல்லணும்ல."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். காலையில் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிவந்தவள், சொல்லுங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆரணி வரும்வரை மடியில் இருந்த கடலைப் பையை இரண்டு கையாலும் பிடித்தபடி வந்தாள்.

மறுநாள் பச்சையப்பன் சீக்கிரமே போனார். மாடியில் ரஞ்சித்குமார் மட்டும் இருந்தார். மேசை முன் போய் நின்றதும் அவர் எழுந்து, பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க ஐயா. இடுப்பு எப்படி இருக்கு?" என்றார். திட்டுவதற்கு நிற்க வைத்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று பச்சையப்பன் இன்றும் நம்புகிறார். அது உண்மையாகவும் இருக்கலாம். அவர் உட்கார்ந்தார். இடுப்பைப் பற்றிப் பேசினார்கள். தீபாவளிக்கு எந்தக் கலர் போகும் என்று பேசினார்கள்.

தீபாவளி போனது. தை முகூர்த்தங்களுக்காக மாடிக்குப் புதிதாக ஒரு பெண்ணை எடுத்தார்கள். இனியா என்று பெயர், போளூர்ப் பக்கம். முதல் நாள். சட்டை தோளில் நிற்காமல் நழுவ நழுவ, அவள் அதை இழுத்துவிட்டுக்கொண்டே நின்றாள். ரஞ்சித்குமார் விதிகளைச் சொல்லிக்கொண்டு வந்தார். போன் பேசக் கூடாது. விலையில் வாதாடக் கூடாது. கஸ்டமர் கட்டியிருக்கும் துணியை எந்தக் காரணத்துக்காகவும் தொடக் கூடாது. "முன்னாடி இங்க கீதான்னு ஒரு பொண்ணு இருந்துச்சு" என்று ஆரம்பித்து, அந்தக் கதையை முழுக்கச் சொன்னார். பலபேரிடம் சொல்லிப் பழகிய கதை என்பது அவர் நிறுத்தி நிறுத்திச் சொன்ன விதத்தில் தெரிந்தது. ஏவப்பட்ட ஆள் யார் என்பதை மட்டும் பெரிய மனதோடு விட்டுவிட்டார்.

அவர் போனதும் இனியா பெஞ்சருகே வந்தாள். "ஐயா, எனக்கு பயமா கிதுங்க. தெரியாம நானும் எதுனா செஞ்சிட்டா?"

பச்சையப்பன் அவளுக்குப் புடவை விரிக்கும் விதத்தைக் காட்டினார். கையை ஈரமில்லாமல் வைத்துக்கொள்ளச் சொன்னார். நின்று நின்று கால் வீங்கினால் சாயங்காலம் வெந்நீரில் வைக்கச் சொன்னார். அவள் எல்லாவற்றுக்கும் "சரிங்கய்யா" என்றாள். கொஞ்சம் தெம்பு வந்து சிரிக்கவும் செய்தாள். கீதாவைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. நடந்தது தெரியாதவர்களில் அன்றைக்கு இன்னொருத்தி சேர்ந்தாள்.